பொன்னும் விடுதலையும்: ஆயர் எலிஜியுஸின் வாழ்வும் வணக்கமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டுப் பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டவர் 7ஆம் நூற்றாண்டில் பிராங்கியர் நாட்டில் வாழ்ந்த ஆயர் எலிஜியுஸ். பிரெஞ்சு மக்கள் இவரை எலுவா என்பார்கள். 641இல் நுவாயோன் நகரின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது இவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை இவர் பொற்கொல்லர். அரண்மனையின் நாணயப் பொறுப்பாளர்.

இவருடைய வரலாற்றை எழுதிய நண்பர் காட்டும் எலிஜியுஸ் ஒருவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவரை வணங்கிவரும் கைவினைஞர்கள் காட்டும் எலிஜியுஸ் இன்னொருவர். இந்த இருவரும் எங்கே ஒன்றாகிறார்கள் என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

உலைக்களம்

லிமோஜ் நகரை அடுத்த ஷப்தலா என்ற சிற்றூரில் 588 அளவில் எலிஜியுஸ் பிறந்தார். மகனின் கைத்திறனைக் கண்ட தந்தை, லிமோஜில் நாணயச் சாலையை நடத்திவந்த அப்போன் என்பவரிடம் அவரைத் தொழில் பழகவிட்டார். பின்பு வடக்கே சென்று, இரண்டாம் குளோத்தார் அரசரின் கருவூலத் தலைவரான பொப்போனிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அரசர் பொன்னும் மணியும் பதித்த இருக்கை ஒன்று வேண்டுமென்றார். பொன்னை நிறுத்து எலிஜியுஸிடம் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் அவர் ஓர் இருக்கையைக் கொண்டுபோய் வைத்தார். அரசர் பாராட்டி முடித்த பிறகு, மீந்த பொன்னில் செய்தது என்று இரண்டாவது இருக்கையையும் கொண்டுவந்து காட்டினார். அரம் தின்றது, உலை குடித்தது என்று அவர் சேதாரக் கணக்குச் சொல்லவில்லை என்கிறது அவர் வரலாறு. நகைக்கடை ரசீதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் அற்புதம் ஏதுமில்லை. கணக்கு நேராக இருந்தது. ஆனால் அரசர் அவரை நம்பத் தொடங்கியது அந்த நாளில்தான். மர்சேயிலும் பாரிசிலும் அடிக்கப்பட்ட பொற்காசுகளில் எலிஜியுஸின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் காசடிப்பவர் தம் பெயரைப் பொறிப்பது அதன் எடைக்கும் மாற்றுக்கும் பொறுப்பேற்பது. நூல்கள் சொல்வதற்கு உலோகமே தரும் சான்று அந்தக் காசுகள்.

மீட்கப்பட்டவர்கள்

629இல் குளோத்தார் இறந்தார். அவர் மகன் தகோபெர்ட்டின் அவையில் எலிஜியுஸின் செல்வாக்கு இன்னும் வளர்ந்தது. பிரித்தானி நாட்டு மன்னர் யூதிக்காயேலிடம் தூது சென்று, அவரை அமைதி பேச அழைத்துவந்தவர் இவரே. 632இல் லிமோஜுக்கு அருகே சோலிஞாக்கில் ஒரு துறவு மடத்தை நிறுவினார். பாரிசில் பெண்களுக்கென ஒரு மடம் கண்டார்.

இவற்றைவிட அவர் வரலாறு நின்று பேசுவது அடிமை மீட்பை. விற்பனைக்கு அடிமைகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எலிஜியுஸ் அங்கே போய்விடுவார். கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை இருபது, முப்பது பேராக, சில வேளை நூறு பேர் வரை விலை கொடுத்து மீட்டார். அவர்களில் சாக்சன் இனத்தார் மிகுதி. பிரித்தானியரும் மூர்களும் உண்டு. கையில் பணம் தீர்ந்தால் இடுப்புக் கச்சையையும் மேலாடையையும் கழற்றிக் கொடுத்தார். மீட்டவர்களை அரசர் முன் நிறுத்தி, சட்டப்படி விடுதலைப் பத்திரம் வாங்கித் தந்தார். ஊர் திரும்ப விரும்பியவருக்கு வழிச்செலவு கொடுத்தார். தங்க விரும்பியவரைத் தம்மோடு வைத்துக்கொண்டார். துறவு வேண்டியவரை மடத்தில் சேர்த்தார். மீட்ட பின்னும் அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது தனிமனித ஈகையோடு நின்றுவிடவில்லை. 650ஐ ஒட்டி ஷலோன் நகரில் கூடிய ஆயர் பேரவை, அப்போதைய அரசர் இரண்டாம் குளோவிஸின் நாட்டெல்லைக்கு வெளியே அடிமைகளை விற்கக் கூடாது என்று விதித்தது. அதில் கையொப்பமிட்ட ஆயர்களில் எலிஜியுஸும் ஒருவர்.

வரலாற்றை எழுதியவர் தாதோ என்னும் அவருடைய நண்பர். இருவரும் அரண்மனையில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். ஒரே நாளில் ஆயரானவர்கள். தாதோ ரூவான் நகருக்கு ஆயராகி, அவுதோவென் என்ற பெயரால் அறியப்பட்டார். நமக்குக் கிடைக்கும் நூல் 8ஆம் நூற்றாண்டில் திருத்தி எழுதப்பட்ட வடிவம். ஆகவே அதன் ஒவ்வொரு சொல்லையும் தாதோவின் சொல்லாகக் கொள்ள முடியாது. பிளாண்டர்ஸ் பகுதியில் எலிஜியுஸ் ஆற்றியதாக அதில் வரும் பேருரை தாயத்துக் கட்டுவதையும், நிலவு மறைப்பின்போது கூச்சலிடுவதையும் கண்டிக்கிறது. அதைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை மிகவும் தேவை.

கல்லறை

660 டிசம்பர் 1 அன்று எலிஜியுஸ் இறந்தார். ஆட்சிப் பொறுப்பில் இருந்த அரசி பால்தில்ட் நுவாயோனுக்கு விரைந்தார். உடலைத் தாம் ஆதரித்த ஷெல் மடத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். ஆனால் பாடை நகரவில்லையாம்; அரசியே கைவைத்துப் பார்த்தும் அசையவில்லையாம். புனிதர் தம் ஊரிலேயே இருந்துவிட்டார். இந்தப் பால்தில்ட் யார்? ஆங்கிலோ-சாக்சன் இனத்தில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பிராங்கியர் நாட்டுக்கு வந்து அரசியானவர். சாக்சன் அடிமைகளை மீட்ட ஆயரின் பாடையருகே அவர் நின்றதை வெறும் அரசியல் சடங்காக என்னால் படிக்க முடியவில்லை.

கைவினைஞர் கண்ட எலிஜியுஸ்

அவர் கைவேலையில் மிஞ்சியது மிகச் சிறிது. ஷெல் மடத்தில் இருந்த பொற்கிண்ணம் பிரெஞ்சுப் புரட்சியில் தொலைந்தது. 17ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றே அதன் வடிவத்தைக் காட்டுகிறது. செயின்ட் டெனிஸ் கோயிலின் பெருஞ்சிலுவையில் ஒரு துண்டு மட்டும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. தகோபெர்ட்டின் அரியணை என்று அங்கே வைத்திருக்கும் வெண்கல இருக்கையை இவர் செய்ததாகச் சொல்வது மரபு.

வேலை அழிந்தாலும் வேலை செய்கிறவர்கள் அவரை விடவில்லை. தட்டார்கள் மட்டுமல்ல, கருமார், லாடம் அடிப்போர், வண்டிக்காரர் எல்லோரும் அவரைப் பாதுகாவலராகக் கொண்டார்கள். முரண்டு பிடித்த குதிரையின் காலைத் தனியே கழற்றி, லாடம் அடித்து, மறுபடி பொருத்தினார் என்ற கதை பிறந்தது. அது பழைய வரலாற்று நூலில் இல்லை. ஆனால் புளோரன்ஸ் நகரின் ஒர்சான்மிக்கேலே கோயிலில், லாடம் அடிப்போர் சங்கத்துக்காக நான்னி தி பாங்கோ வடித்த எலிஜியுஸ் சிலையின் அடியில் அந்தக் காட்சிதான் செதுக்கப்பட்டிருக்கிறது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பெத்ருஸ் கிறிஸ்துஸ் 1449இல் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு: தராசு பிடித்த பொற்கொல்லர், எதிரே ஓர் இளம் இணை. நெடுங்காலம் அதை எலிஜியுஸ் படம் என்றே அழைத்தார்கள். காரணம், தலைக்குப் பின்னே இருந்த ஒளிவட்டம். அது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்று தெரிந்து நீக்கிவிட்டார்கள். நேர்மையாக நிறுக்கும் ஒரு கைவினைஞரைக் கண்டதும் எலிஜியுஸாக்கிப் பார்க்கத் தோன்றியிருக்கிறதே, அது வணக்கத்தின் இயல்பை நமக்குச் சொல்கிறது.

இரண்டும் சேருமிடம்

வடபிரான்சின் பெத்யூன் நகரில் 1188இல் கொள்ளைநோய் பரவியது. பிணங்களை எடுக்க ஆளில்லை. ஜெர்மோன், கோத்தியே என்னும் இரு கொல்லர்களின் கனவில் எலிஜியுஸ் தோன்றி, இறந்தோரை அடக்கம் செய்ய ஒரு சகோதரர் குழு தொடங்கச் சொன்னதாக மரபு கூறுகிறது. அந்தக் குழு இன்றும் இருக்கிறது. கறுப்பு உடையும் இருமுனைத் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, செல்வர் ஏழை பாராமல், கூலி வாங்காமல் சவப்பெட்டியைச் சுமக்கிறார்கள்.

நண்பர்களே, அந்தக் கனவில் வந்தவர் தொழில் ரகசியம் எதையும் சொல்லித் தரவில்லை. முன்பின் தெரியாத மனிதருக்காகக் கையை நீட்டச் சொன்னார். தாதோ எழுதிய எலிஜியுஸ் கப்பல்துறையில் செய்ததும் அதுவே. அந்த லத்தீன் நூலைக் கொல்லர்கள் படித்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் அதன் சாரத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். எனவே ஒரு புனிதரைப் பற்றி ஆராய வருகிறவர்கள் அவர் பெயரால் சொல்லப்படும் கதைகளோடு நின்றுவிடாமல், அவர் பெயரால் செய்யப்படும் வேலைகளையும் சான்றாகக் கொள்ள வேண்டும். கதை மெய்யா என்பது ஒரு கேள்வி. அந்த வணக்கம் மனிதரைக் கொண்டு என்ன செய்வித்தது என்பது அதற்குக் குறையாத இன்னொரு கேள்வி. பெத்யூன் கொல்லர்கள் இரண்டாவது கேள்விக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக விடை சொல்லி வருகிறார்கள்.