முறை வகுத்தலும் விருப்பம் அளித்தலும்

பழவேற்காட்டு ஏரி நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவிற்கு அடுத்த பரப்புடையது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் பரந்து கிடக்கிறது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. முகத்துவாரத்தை அடுத்த கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மீனவர் ஊர்களில் ‘பாடு’ என்னும் ஒரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்திருக்கிறது. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலை வீச விரும்புவோரோ பலர். ஆதலின் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வலையைக் கொண்டு, யார் தொழில் செய்வது என்பதை ஊரார் கூடி முன்னதாகவே வகுத்து விடுகின்றனர். சீட்டு எடுத்தும் முறை வைத்தும் வாய்ப்புகள் பங்கிடப்படுகின்றன. தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவருக்கே முறை உண்டு. முறைக்கு உரிய வலை சுத்துவலை.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மீன்பிடித் தொழில் அன்று. கணினிக்கு வேண்டிய சிறு கருவி நிரல்களைத் தொகுத்து அளிப்போர், அவற்றை ஆக்கும் வேளையில் கேட்கும் விருப்பத் தேர்வுகளை எவ்வாறு ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதே பொருள். ஆயினும் பாடு முறையை முதற்கண் கூறியதற்குக் காரணம் உண்டு. இடம், நாள், வலை, ஆள் என்ற நான்கையும் தனித்தனியே ஒவ்வொருவர் விருப்பத்திற்கும் விட்டுவிட்டால் ஏரியில் பூசலே மிஞ்சும். நான்கையும் ஒன்றோடொன்று பிணைத்து, காரணம் சொல்லி, எல்லோரும் அறியும்படி வைப்பதே முறை வகுத்தல். மென்பொருளிலும் அவ்வாறே.

கணினியின் முன் அமர்ந்து எழுத்தாலேயே கட்டளையிடும் பழக்கம் இன்றும் மறையவில்லை. கோப்புகளைப் பட்டியலிட ஒரு கருவி, நகல் எடுக்க ஒரு கருவி, வரிசைப்படுத்த ஒரு கருவி என இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு வேலையைச் செவ்வனே செய்யும். இத்தகைய கருவிகள் பலவற்றை ஒரே நிரலுக்குள் அடக்கிய தொகுப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் பிஸிபாக்ஸ். 1995ஆம் ஆண்டில் புரூஸ் பெரன்ஸ் என்பவர், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை நிறுவுவதற்கான கருவிகள் யாவும் ஒரே நெகிழ்வட்டில் அடங்க வேண்டும் என்ற தேவையை முன்னிட்டு இதைத் தொடங்கினார். அந்த வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டு. இன்று நெகிழ்வட்டு வழக்கொழிந்தது, பிஸிபாக்ஸ் வழக்கொழியவில்லை. வீடுகளில் இணைய இணைப்பைப் பகிர்ந்தளிக்கும் ரௌட்டர் பெட்டிகள் பலவற்றுள்ளும், நினைவகம் குறைந்த வேறு பல சாதனங்களுள்ளும் அது குடியிருக்கிறது.

இடம் சுருங்கியதாயின் எல்லாவற்றையும் ஏற்ற இயலாது. சிறு தோணியில் செல்பவன் அன்றைய வேலைக்கு வேண்டியதையே ஏற்றுகிறான். அதுபோலவே பிஸிபாக்ஸை ஒரு சாதனத்திற்கென்று ஆக்குபவர், எந்தக் கருவி வேண்டும், அதில் எந்தச் சிறப்புக்கூறு வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவு செய்கிறார். வேண்டாதன ஆக்கப்படும் நிரலில் இடம்பெறுவதே இல்லை. இத்தெரிவுகள் நூற்றுக்கணக்கானவை. நூற்றுக்கணக்கான கேள்விகளை ஒருவர் முன் குவித்து, ஆம் என்றோ அன்று என்றோ விடை கூறுக என்றால் அவர் என் செய்வார்? சில கேள்விகளோடு களைத்து, எஞ்சியவற்றிற்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளிப்பார். ஆகவே கேள்விகளை வகுக்கும் முறையில்தான் தொகுப்பாளரின் பொறுப்பு தொடங்குகிறது.

இதற்கென ஒரு சிறு மொழியே உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவை ஆக்குவதற்காக ரோமன் சிப்பெல் என்பவர் இயற்றிய கேகான்ஃபிக் என்னும் அம்மொழி 2002ஆம் ஆண்டில் உட்கருவோடு சேர்க்கப்பட்டது. பிஸிபாக்ஸும் அதைக் கைக்கொண்டது. இம்முறையில் ஒவ்வொரு விருப்பத்திற்கும் ஒரு பெயர், ஒரு வரித் தலைப்பு, அது எதைச் சார்ந்தது என்னும் குறிப்பு, ஒருவரும் விடை கூறாவிடில் எது கொள்ளப்படும் என்னும் இயல்பு மதிப்பு, எளிய விளக்கம் ஆகியன உண்டு. தெரிவுகள் யாவும் இறுதியில் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்படுகின்றன. அக்கோப்பைப் பிறரிடம் கொடுத்தால் அவரும் அதே தெரிவுகளோடு நிரலை ஆக்கலாம். புதிய பதிப்பு வெளிவரும்போது, பழைய கோப்பை வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த கேள்விகளை மட்டுமே கேட்கச் செய்யவும் வழியுண்டு. ஒருமுறை தீர்த்ததை ஆண்டுதோறும் மீண்டும் தீர்க்க வேண்டியதில்லை.

இவ்வொழுங்கின் நலன்களுள் மூன்றை எடுத்துக் கூற விழைகிறேன்.

முதலாவது, இடம் அறிந்து வைத்தல். பிஸிபாக்ஸில் முன்பு விருப்பங்களின் விளக்கங்கள் ஓரிடத்திலும் கருவியின் நிரல் வேறிடத்திலும் இருந்தன. நிரலைத் திருத்துபவர் விளக்கத்தைத் திருத்த மறந்துபோவது இயல்பே. பின்னர் அந்தந்தக் கருவியின் மூல நிரலின் தலைப்பகுதியிலேயே அதன் விருப்பங்களை எழுதிவைத்து, அங்கிருந்து பட்டியலைத் தானே திரட்டிக்கொள்ளும் வழி வகுக்கப்பட்டது. விதியும் விதிக்குரிய பொருளும் அருகருகே இருந்தால் ஒன்று மாறும்போது மற்றொன்று கண்ணிற்படும்.

இரண்டாவது, சார்பைச் சொல்லுதல். பட்டியலிடும் கருவியே வேண்டாம் என்றவரிடம், பட்டியலுக்கு வண்ணம் வேண்டுமா என்று கேட்பது வீண். சார்பு குறிக்கப்பட்டிருந்தால் அக்கேள்வி எழுவதே இல்லை. ஒரு விருப்பம் மற்றொன்றை வலிந்து இழுத்துக்கொள்ளும் வசதியும் இம்மொழியில் உண்டு. ஆனால் இழுக்கப்பட்டதற்கு வேறு தேவைகள் இருந்தால் அவை நிறைவேறினவா என்று அது பாராது. வலையில்லாதவனுக்கு முறை கொடுத்தது போல அது முடிதல் கூடும். எனவே அதனை அளவறிந்து ஆள வேண்டும்.

மூன்றாவது, விலையைச் சொல்லுதல். பிஸிபாக்ஸின் தெரிவுப் பட்டியலில் கருவியின் பெயருக்கு அருகிலேயே அது ஏறத்தாழ எவ்வளவு இடம் கொள்ளும் என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. விலை தெரிந்தவனே தெரிந்து வாங்குகிறான்.

இனி, நம் தமிழை நேரே தொடும் ஒரு செய்தியைக் கூறுகிறேன். மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, ஊர்தோறும் ஒரு கோப்பாக உறுப்பினர் பட்டியலைத் தமிழ்ப் பெயரிட்டு ஒரு சிறு சாதனத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு கோப்பின் பெயர் கோட்டைக்குப்பம். மற்றொன்றின் பெயர் ஆண்டிக்குப்பம். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்த யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம் உண்டு. நமக்கு ஒதுக்கப்பட்ட எண்கள் 2944 முதல் 3071 வரை. பிஸிபாக்ஸிலோ, திரையில் காட்டத்தக்க எழுத்துகளின் மேல்வரம்பைக் குறிக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 767. அவ்வரம்பைக் கடந்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு குறி இடப்படும். அதன் இயல்பு மதிப்பு கேள்விக்குறி. ஆகவே இயல்பு மதிப்புகளோடு ஆக்கப்பட்ட சாதனத்தில், கோட்டைக்குப்பம் 15 கேள்விக்குறிகளாகவும் ஆண்டிக்குப்பம் 14 கேள்விக்குறிகளாகவும் தோன்றும். கோப்புக்கு ஊறு ஒன்றும் இல்லை. எது எந்த ஊர் என்பதுதான் தெரியாது.

வரம்பை நீக்கி, 0 என்று குறித்தால் போதுமா? போதாது. மெய்யெழுத்தின் மேல் ஏறும் புள்ளி தனக்கென அகலம் இல்லாத குறி. அகலமற்ற குறிகளைக் காட்டலாமா என்பது வேறொரு விருப்பம். அதன் இயல்பு மதிப்பு ‘அன்று’. அதையும் மாற்றாவிடில் கோட்டைக்குப்பத்தின் நான்கு புள்ளிகளும் நான்கு கேள்விக்குறிகளாக நிற்கும். யூனிகோடு ஆதரவு, எழுத்து வரம்பு, அகலமற்ற குறிகள் என்ற மூன்று விடைகளும் ஒருங்கே பொருந்தினால்தான் கருவியின் பட்டியலில் தமிழ்ப் பெயர் தமிழ்ப் பெயராக வெளிவரும்.

இதில் ஒருவரையும் குற்றம் கூற நான் முற்படவில்லை. 767 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. இலத்தீன் எழுத்துகளின் பெரும் தொகுதி அதற்குள் அடங்குகிறது. மேலே ஏறும் குறிகள் அதற்குள் இல்லை. ஆகவே நிரலும் சில நூறு பைட்டுகள் சிறுத்துவிடுகிறது. இக்காரணங்கள் யாவும் விருப்பத்தின் விளக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. மறைவு ஒன்றும் இல்லை. ஆயினும் விளக்கத்தைப் படிப்பவர் சிலரே. இயல்பு மதிப்பை அப்படியே ஏற்பவர் பலர். இயல்பு மதிப்பு என்பது விடை கூறாதவர் சார்பில் கூறப்படும் விடை. அதை எழுதுபவர், கேள்வி கேட்கப்படும் இடத்தில் இல்லாதோரையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

பாடு முறையும் இக்குறைக்கு விலக்கன்று. முறைக்குள் இருப்போர்க்கு அது நீதி. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் யாவற்றுக்கும் அதில் பங்கு கிடைத்ததில்லை. பங்கு பெறாதோர் வேறு வலைகளோடு ஏரியில் இறங்கியதும், அதனால் பூசல் எழுந்ததும் உண்டு. முறை என்பது எவ்வளவு நேர்த்தியாயினும், அதை வகுத்த அவையில் யார் இருந்தனர் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

அப்படியானால் யாவர்க்கும் யாவும் விருப்பமாக அளித்துவிடலாமே என்பீர்கள். அதுவும் தீர்வாகாது. ஒன்றோடொன்று தொடர்பற்ற பத்து விருப்பங்களால் 1,024 வகையான நிரல்கள் உண்டாகும். இருபது விருப்பங்களால் 10,48,576. இவ்வளவையும் ஆக்கிச் சோதிக்க எவராலும் ஆகாது. சோதிக்கப்படாத சேர்க்கையில் பிழை ஒளிந்திருந்தால், அதை முதன்முதலில் காண்பவர் அதை வாங்கிய பயனாளராகவே இருப்பார். பிஸிபாக்ஸின் தொகுப்பாளர்கள் விருப்பங்களைக் குலுக்கல் முறையில் தெரிந்து, அவ்வாறு கிடைத்த நிரல்களை ஆக்கிப் பார்க்கும் சோதனை ஒன்றையும் வைத்திருக்கின்றனர். அது கடலில் துழாவுவது போன்றதே. எனினும் துழாவாமல் இருப்பதினும் நன்று.

மற்றொரு வழியும் மேற்கொள்ளப்பட்டது. முன்பு பிஸிபாக்ஸைப் பேணிவந்த ராப் லாண்ட்லி, 2006ஆம் ஆண்டில் டாய்பாக்ஸ் என்னும் வேறொரு தொகுப்பைத் தொடங்கினார். அதில் ஒரு கருவியை வைத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம். கருவிக்குள்ளே நுணுகி நுணுகிக் கேட்கும் கேள்விகளை இயன்ற மட்டும் அவர் குறைத்துக்கொண்டார். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்பில் டாய்பாக்ஸ் இடம்பெற்றது. ஆக்குபவரே நன்கு தீர்க்கக்கூடியதைப் பிறரிடம் கேள்வியாகத் தள்ளிவிடுதல் பெருந்தன்மை ஆகாது என்பது அவ்வழியின் உட்கருத்து என நான் கொள்கிறேன்.

இரு வழிகளுக்கும் இடமுண்டு. இரண்டு கிலோபைட்டு மிச்சமும் பெரிதாகும் சாதனங்களுக்கு நுண்ணிய தெரிவுகள் வேண்டும்; இடம் தாராளமாக உள்ள கைபேசிக்கு அவை வேண்டா. ஆனால் எவ்வழியாயினும் ஒரு கேள்வியைப் பட்டியலில் சேர்க்குமுன் தொகுப்பாளர் தம்மையே வினவிக்கொள்ளத்தக்கவை சில உண்டு. இதற்கு இரண்டு விடைகளும் உண்மையில் யாருக்கேனும் வேண்டுமா? விடை கூறாதவர்க்கு நான் கூறும் விடையால் யார் இழப்பர்? இதன் விலை இதன் அருகிலேயே எழுதப்பட்டிருக்கிறதா? இம்மூன்றுக்கும் நேரான விடை இல்லையாயின் அக்கேள்வி பட்டியலில் சேரத்தக்கதன்று.

இத்தகைய தொகுப்புகளின் மூல நிரல் யாவர்க்கும் திறந்தே இருக்கிறது. விருப்பங்களின் பட்டியலும், அவற்றின் விளக்கங்களும், இயல்பு மதிப்புகளும் படிக்கக் கிடைக்கின்றன. நம் பொறியியற் கல்லூரிகளில் பயிலும் இளைஞர்களுக்கு நான் கூற விரும்புவது ஒன்றே. ஒரு சாதனத்தை நம் மக்களுக்கென்று ஆக்கும்போது, பிறர் வைத்த இயல்பு மதிப்புகளை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு தமிழ் ஊரின் பெயரால் ஒரு கோப்பை அமைத்து, அதனைப் பட்டியலிட்டுப் பாருங்கள். கேள்விக்குறி ஒன்று தோன்றினும், அதற்கு விடையளிக்க வேண்டிய விருப்பம் எது என்று தேடிச் சென்று திருத்துங்கள். திருத்தியதைத் தெரிவுக் கோப்போடு பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்து அதனை ஆக்குபவர்க்கு அத்தேடல் மிச்சமாகும்.