அடுப்புப் புகையும் நமது அமானிதமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பேஷ் இமாம் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே. பருவநிலை மாற்றம் என்றதும், அது அரசாங்கங்கள் மாநாடு கூட்டிப் பேசும் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் பூமியைச் சூடாக்கும் புகையும் நம் நெஞ்சை அடைக்கும் புகையும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்தே கிளம்புகின்றன. நிலக்கரி எரியும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கரியமில வாயுவோடு கந்தக வாயுவையும் நுண்துகளையும் சேர்த்தே வெளிவிடுகிறது. காற்று மாசினால் ஆண்டுதோறும் சுமார் 70 இலட்சம் பேர் அகால மரணமடைவதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அண்டை மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் திறனில் அமைந்த சூரிய மின் நிலையம் போன்றவை நிலக்கரியைக் குறைக்குமளவு, பூமியின் சூடு தணியத் தலைமுறைகள் ஆகலாம். நுரையீரலுக்கான பலனோ நம் காலத்திலேயே கிட்டும்.

இப்பேச்சை எடுத்தால், "பட்டாசுக்கும் தடை வருமோ?" என்ற அச்சம் நம் பகுதியில் எழுகிறது. 23.10.2018 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்தது காற்றுத் தூய்மைக்காகவே. ஆண்டு முழுதும் எரியும் நிலக்கரியையும் பண்டிகை நாள் பட்டாசையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதமன்று. எனினும் வெயில் ஏறுமுன் மருந்துக் கலவையை முடிக்க வேண்டியதன் அவசியத்தைத் தொழிலாளி அறிவார். பூமி சூடேறினால் முதலில் ஆபத்துக்குள்ளாவது அவரே. ஆதலால் இக்கொள்கைகள் அவருக்குப் பகையல்ல. ஆனால் அவருடைய கூலியைப் பறித்துச் செய்யும் நன்மை முழுமையானதுமல்ல.

சகோதரர்களே! நம் கைக்கு எட்டிய காரியம் அடுப்படியில் இருக்கிறது. சீமைக்கருவேல விறகு எரியும் அடுப்பின் கரித்துகள் பூமியையும் சூடாக்குகிறது. தாயின் நுரையீரலையும் சிசுவின் மூச்சையும் கெடுக்கிறது. அது காற்றில் தங்குவது சில நாட்கள் அல்லது சில வாரங்களே. எனவே இன்று அடுப்பு மாறினால் விரைவிலேயே பலன் தெரியும். 2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு வந்தது. எனினும் மறு சிலிண்டருக்குப் பணமின்றி விறகுக்கே திரும்பிய வீடுகளும் உண்டு.

ஜகாத் பொருளைப் பள்ளிவாசல் கட்டடத்திற்குச் செலவிடலாகாது. தகுதியுடைய ஏழைக்கு உரிமையாக்கிக் கொடுத்தால் நிறைவேறும். ஆகவே விதவைகளுக்கும் நோயாளிகள் உள்ள ஏழை வீடுகளுக்கும் சிலிண்டர் வாங்க பைத்துல்மாலிலிருந்து உதவுவோம். பள்ளியின் மேல்தளத்தில் சூரியத் தகடு அமைக்க விரும்பினால், அதற்குப் பொது நன்கொடையைத் தனியே திரட்டுவோம். இவ்விரண்டையும் நிர்வாகத்தின் பரிசீலனைக்கு முன்வைக்கிறேன்.

அண்டை வீட்டார் பசித்திருக்க நாம் உண்பது முறையன்று எனக் கற்றோம். அவர்கள் புகையில் மூச்சுத் திணற நாம் வாளாவிருப்பதும் முறையன்று. பூமி நமக்கு உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணும் நல்லுதவியை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.