விதி மாறினால் வீரன் என்னாவான்?

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காப்பியம், புதினம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றையே பெரிதும் பேசிவரும் இம்மேடையில் இன்று ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச முன்வந்திருக்கின்றேன். இது பலர் கூடிக் கதை புனையும் விளையாட்டு. ஆகவே இலக்கியத்திற்கு முற்றிலும் அயலானதன்று. அதன் விதிநூல் மாறும்போது எழும் ஒரு சிக்கல், மொழிபெயர்ப்பாளர்க்கும் உரையாசிரியர்க்கும் நன்கு அறிமுகமான சிக்கலே என்பதை எடுத்துரைப்பது என் நோக்கம்.

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்து 1974ஆம் ஆண்டில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் ஆக்கமாக, 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். 'நான் கதவை உடைக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடையும் விதிநூலும் முடிவு செய்யும். பாத்திரத்தின் ஆற்றல்கள் யாவும் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். வெற்றிகளால் அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேரச் சேரப் பாத்திரம் படிப்படியாக உயரும். முதற்படியில் தொடங்கிய வீரன் இருபதாம் படியை எட்டப் பல ஆண்டுகள் ஆவதுண்டு. அந்தத் தாள் ஒரு குழு கூடிக் கழித்த காலத்தின் பதிவேடும் ஆகும்.

விதிநூலோ நிலையாக நிற்பதில்லை. 1977 தொடங்கி 1979 வரை விரிவாக்கப்பட்ட நூல்கள் வந்தன. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இவ்விளையாட்டை வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தை வாங்கிக்கொண்டது, 2000இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. 2008இல் நான்காவதும் 2014இல் ஐந்தாவதும் வந்தன. ஐந்தாவதன் திருத்திய வடிவம் 2024இல் வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கையில் வைத்திருந்தவர் முன் ஒரே வினா எழுந்தது. இந்த வீரனைப் புதிய விதிகளுக்குள் எவ்வாறு கொண்டு செல்வது?

இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்குச் சென்ற மாற்றத்தையே சான்றாக எடுத்துக்கொள்கின்றேன். இதற்கென ஒரு மாற்றக் கையேடே 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

முதலில் எளிய பகுதி. பழைய விதியில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு மிகும். 3 என்பது நன்று, சுழிக்குக் கீழே 5 என்பது மிக நன்று. புதிய விதியில் எண் கூடக் கூடப் பாதுகாப்பு மிகும். இருபதிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் புதிய எண் கிடைத்துவிடும். 3 என்பது 17 ஆகும். சுழிக்குக் கீழே 5 என்பது 25 ஆகும். தாக்கும் திறனுக்கும் இதே கழித்தல்தான். பழைய கணக்கில் தாக்கு எண் 10 உடையவன் கவச எண் 3 உடையவனைத் தாக்கப் பகடையில் 7 விழ வேண்டும். புதிய கணக்கில் 10 கூட்டி 17ஐ எட்ட வேண்டும். அப்போதும் 7 விழுந்தால் போதும். எழுத்து மாறியது, பொருள் மாறவில்லை. எல்லாம் இவ்வாறே அமைந்திருந்தால் இவ்வுரைக்கே தேவையிராது.

இனி அனுபவப் புள்ளிகளைக் காண்போம். பழைய விதியில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வோர் அட்டவணை. இருபதாம் படியை எட்டத் திருடனுக்கு 22 இலட்சம் புள்ளிகள் வேண்டும்; போர்வீரனுக்கு 30 இலட்சம்; மந்திரவாதிக்கு 37 இலட்சத்து 50 ஆயிரம். எனவே 30 இலட்சம் புள்ளிகளை ஈட்டிய இருவருள் வீரன் இருபதாம் படியிலும் மந்திரவாதி பதினெட்டாம் படியிலும் நிற்பர். ஆயினும் இருவரும் சமமாக உழைத்தவர்களே. மூன்றாம் பதிப்பிலோ எல்லாத் தொழிலுக்கும் ஒரே அட்டவணை. இருபதாம் படிக்கு 1 இலட்சத்து 90 ஆயிரம் புள்ளிகள் போதும். பழைய புள்ளிகளை அப்படியே எடுத்துச் சென்று புதிய கணக்கை நீட்டிப் பார்த்தால், நம் வீரன் 77ஆம் படியில் போய் நிற்பான்! அது நகைப்பிற்கிடமானது. ஆதலால் புள்ளிகளை விட்டுப் படியை மட்டும் எடுத்துச் செல்ல நேர்கின்றது. அப்போது சமமாக உழைத்த மந்திரவாதி, புதிய உலகில் தோழனைவிட இரண்டு படி தாழ்ந்தவனாகிவிடுகின்றான். நேற்றுவரை அந்த 18, தோழனின் 20க்கு ஈடாக இருந்தது. இன்று அது வெறும் 18.

இதனினும் கடினமானது இரட்டைத் தொழில். பழைய விதியில் எல்ஃப் என்னும் இனத்தார் போரும் மந்திரமும் ஒருங்கே பயிலலாம். ஈட்டிய புள்ளிகள் இரண்டுக்கும் பாதி பாதியாகப் பகிரப்படும். 15 இலட்சம் புள்ளிகள் பெற்ற ஒருத்தி போரில் 11ஆம் படியிலும் மந்திரத்தில் 12ஆம் படியிலும் இருப்பாள். அதே புள்ளிகள் பெற்ற மானிட மந்திரவாதி 14ஆம் படியில் இருப்பான். புதிய விதியில் ஒருவரது தொழில்களின் படிகளைக் கூட்டியே மொத்தப் படி கணக்கிடப்படும். இரண்டையும் அப்படியே வைத்தால் அவள் 23ஆம் படிக்கு உயர்ந்து தோழர்களைச் சிறுவர்களாக்கிவிடுவாள். தோழனுக்கு இணையாக 14ஐ ஏழும் ஏழுமாகப் பிரித்தால், நேற்றுவரை ஆறாம் நிலை மந்திரங்களை ஓதியவள் இன்று நான்காம் நிலையோடு நின்றுவிடுவாள். எதைத் தேர்ந்தாலும் ஒன்று பறிபோகும். மந்திரத்தைக் காப்பதா, தோழமையின் சமநிலையைக் காப்பதா என்பதை எந்த வாய்பாடும் சொல்லாது.

மூன்றாவது சான்று கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் இழப்பு. பகைவனின் மந்திரத்திலிருந்து தப்பப் பகடை வீசுவது இவ்விளையாட்டின் முக்கியமான கட்டம். பழைய விதியில் இருபதாம் படி வீரன் 6 அல்லது அதற்குமேல் வீசினால் தப்பினான். இருபது முகங்களில் பதினைந்து அவனுக்குத் துணை; நூற்றுக்கு 75. மந்திரத்தை ஏவியவன் எத்துணை வல்லவனாயினும் பொதுவாக அந்த எண் மாறாது. மூன்றாம் பதிப்பில் ஏவுபவனின் வலிமை கணக்கில் சேர்ந்தது. மனவுறுதிக்கு அவ்வீரன் பெறும் அடிப்படை 6. அறிவு 20 உடைய பகைவன் ஐந்தாம் நிலை மந்திரத்தை ஏவினால் எட்ட வேண்டிய இலக்கு 20. வேறு துணை ஏதுமில்லையெனில் பகடையில் 14 விழ வேண்டும். நூற்றுக்கு 35 மட்டுமே. தாளில் படி 20 என்றே இருக்கின்றது. வாளும் கவசமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் எந்த மாயத்துக்கும் அசையாதவன் என்று பெயர் பெற்றிருந்தவன், மூன்றில் ஒரு முறையே தப்புபவனாகிவிட்டான். எண் பிழையின்றி மாறியது, ஆள் மாறிவிட்டான்.

முதற்படிப் பாத்திரத்தை மாற்றுவது சில நிமிட வேலை. அதற்கு இன்னும் வரலாறு இல்லை. உயர்படிப் பாத்திரத்திலோ ஒவ்வொரு படியிலும் இருந்த சிறு வேறுபாடு சேர்ந்து சேர்ந்து மலையாகிவிடுகின்றது. பழைய விதியின் ஒவ்வொரு வளைவுக்கும் ஏற்ப அந்தப் பாத்திரம் வளைந்து வளர்ந்திருக்கின்றது. வெண்பாவில் அமைந்த ஒரு செய்தியை விருத்தத்தில் பாடுவோர் இதை அறிவர். செய்தியைப் பெயர்த்துவிடலாம். செப்பலோசைக்காகவே பிறந்த சொற்கள் அங்கே நிற்க இடமிராது.

இக்கடினத்தை நன்கு கையாண்ட ஒரு சான்றும் உண்டு. ஆர்.ஏ. சால்வடோர் படைத்து, 1988இல் புதினத்தில் அறிமுகமான டிரிஸ்ட் என்னும் வீரன் பழைய விதியில் வனவீரன் என்ற ஒரே தொழிலுக்குரியவன். 2001இல் மூன்றாம் பதிப்புக்கு அவனைக் கொண்டுவந்தோர் அத்தொழிலை அப்படியே நகலெடுக்கவில்லை. போர்வீரனாகப் பத்துப் படி, முரட்டு மறவனாக ஒரு படி, வனவீரனாக ஐந்து படி என்று பிரித்தனர். புதினங்களைப் படித்தோர்க்கு இதன் நியாயம் விளங்கும். பிறந்த நகரின் போர்க்கலைக் கூடத்தில் பயின்றது பத்துப் படி. நிலத்தடி இருளில் தன்னந்தனியே வாழ்ந்து விலங்குணர்வு தலையெடுத்த காலத்துக்கு அந்த ஒரு படி என்று கொள்ளலாம். மேலுலகில் ஒரு முதியவரிடம் காட்டின் நெறியைக் கற்றது ஐந்து படி. தாளைப் பெயர்க்காமல் வாழ்க்கையைப் பெயர்த்தனர். நல்ல உரையாசிரியர் செய்வதும் இதுவே.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 1989இன் இரண்டாம் பதிப்பு, கொலைஞன் என்னும் தொழிலை அடிப்படை நூலிலிருந்து நீக்கிவிட்டது. 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்னும் கதையுலகில் அதற்கு முன்பே கொலைஞர்கள் பலர் இருந்தனர். என் செய்வது? அவ்வாண்டில் வெளிவந்த புதினத்தில் பேன் என்னும் கொடுந்தெய்வம், தன் வலிமையைப் பெருக்க அவ்வுலகின் கொலைஞர் அனைவர் உயிரையும் உண்டுவிட்டதாகக் கதை அமைத்தனர். விதிநூலில் ஓர் அத்தியாயம் நீங்கியதற்காக ஓர் உலகத்தில் ஒரு கூட்டமே மாண்டது. நம் மொழியில் விதி என்ற சொல் சட்டத்தையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். இவ்விளையாட்டின் மாந்தர்க்கு இரண்டும் உண்மையிலேயே ஒன்றுதான்.

அவ்வாறாயின் தன் வீரனை மாற்ற விரும்புவோர் செய்யத்தக்கது யாது? மூன்று செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

ஒன்று, எண்களை எடுப்பதற்கு முன் செயல்களை எழுதிக்கொள்ள வேண்டும். இவன் எதற்குப் பெயர் பெற்றவன்? குழுவினர் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் அவனது செயல் எது? புதிய விதியில் அச்செயலை அவனால் மீண்டும் செய்ய இயல வேண்டும். மாயத்துக்கு அசையாதவன் எனில், வேறெதை விட்டுக்கொடுத்தேனும் அந்த உறுதியைப் புதிய தாளில் பெற்றுத்தர வேண்டும். ஏனைய எண்கள் குறைந்தால் குறையட்டும்.

இரண்டு, தனித்து மாற்றலாகாது. குழுவினர் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து மாற்ற வேண்டும். ஒருவனது உயரம் மற்றவர் அருகில் நிற்கும்போதுதான் தெரியும். அந்த எல்ஃப் பெண்ணுக்கு எத்தனை படி என்பதை அவள் தோழர்களே முடிவு செய்யத்தக்கவர்கள்.

மூன்று, மாற்றாமலிருக்கவும் உரிமை உண்டு. 2008இன் நான்காம் பதிப்பில் படிகள் முப்பதாகி, அமைப்பே அடியோடு மாறியது. எண்ணுக்கு எண் பெயர்ப்பது அங்கே பொருளற்றதாயிற்று. புதிய பதிப்பு வந்த நாளில் பழைய நூலின் பக்கங்கள் வெறுமையாகிவிடுவதில்லை. முதற்பதிப்பின் விதிகளையே மீட்டு எழுதிய 'ஆஸ்ரிக்' என்னும் நூல் 2006இல் வெளிவந்தது. பழைய முறையை விடாதவர் சிலரல்லர் என்பதற்கு அது சான்று. தொடங்கிய கதையைத் தொடங்கிய விதியிலேயே முடித்து, வீரனுக்கு ஓய்வளிப்பதும் முறையான முடிவே.

அன்பர்களே, விதிநூல் வெளியிடுவோர்க்கு உரியது. அதைத் திருத்தவும் நீக்கவும் அவர்கட்கு உரிமையுண்டு. ஆனால் ஒரு மேசையைச் சுற்றிப் பல்லாண்டு கூடியோர் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்ட கதை, கூடியவர்க்கே உரியது. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் முடிவை ஒரு வாய்பாட்டின் கையில் கொடுத்துவிட்டால், அந்த உரிமையையும் உடன் கொடுத்தவராவோம். வாய்பாடு கணக்கிட உதவட்டும். தேர்வு நம்முடையதாகவே இருக்கட்டும்.