நம் தலைக்கு மேல் ஓடும் காற்றாறு

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி அரங்கில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, இட ஒதுக்கீட்டைப் பற்றியோ போட்டித் தேர்வுகளைப் பற்றியோ பேசுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பேசுவதற்கு நம்மினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மேல்வானத்துக் காற்றும், அக்காற்றைக் காட்டும் வரைபடமும் ஆகும். இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள், அடையாற்றின் கரையில் ஒரு கார்த்திகை மாதம் குடியிருந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.

மழைக்காலம் வந்துவிட்டால், "வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி காரணமாக" என்று தொடங்கும் அறிவிப்பை நாள்தோறும் கேட்கிறோம். சைதாப்பேட்டைத் தேநீர்க் கடைகளில் அத்தொடர் ஒரு கேலிச் சொல்லாகவே ஆகிவிட்டது. மழை வராத நாளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். மழை வந்து வீட்டிற்குள் தண்ணீர் புகுந்த நாளில் அதைச் சொல்லி ஏசுகிறோம். அத்தொடரின் பொருள் யாது என்று மட்டும் கேட்பதில்லை. அது பெரும்பாலும் தரையிலிருந்து சுமார் 6 கி.மீ. உயரத்திற்குள் அமையும் காற்றுச் சுழலையே குறிக்கும். அதற்கும் மேலே, 12 முதல் 16 கி.மீ. உயரத்தில், ஆடி மாதத்தில் நம் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் நேர் மேலாக ஒரு பெருங்காற்று கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஆறுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழைக்காற்று ஜெட் ஓட்டம் என்று பெயர். உலகில் வெப்ப மண்டலத்துக்குரிய மாபெரும் காற்றோட்டங்களுள் அது ஒன்று. அதன் நடு ஓட்டம் ஏறத்தாழ நம் ஊரின் அட்சரேகையை ஒட்டியே செல்கிறது.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஆற்றை எப்படி அளந்தார்கள்? நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் வானாய்வகம் ஒன்றை எழுப்பினர். அதன் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறிக்கப்பட்ட எழுத்துகளோடு, இன்றும் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கென ஆல்காட் அவர்கள் அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தது 1894இல். ஒரே நகரத்தில் வானத்தைப் பார்க்கும் கூடம் எழுந்ததற்கும், நம்மவர்க்கு அகரம் கற்பிக்கும் கூடம் அடையாற்றில் எழுந்ததற்கும் இடையே 102 ஆண்டுகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மீனம்பாக்கத்தில் விடியற்காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்குமாகக் குறித்து, ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் ஒன்று மேலே அனுப்பப்படுகிறது. உலகம் முழுவதும் இப்பலூன்களை ஒரே நேரக் கணக்கில்தான் அனுப்புகிறார்கள். பலூனில் கட்டித் தொங்கும் சிறு பெட்டிக்கு ரேடியோசோண்ட் என்று பெயர். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 மீட்டர் வீதம் ஏறிக்கொண்டே, தான் கடக்கும் இடத்தின் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை வானொலி வழியாகக் கீழே சொல்லிக்கொண்டிருக்கும். பலூன் எப்பக்கம் இழுத்துச் செல்லப்படுகிறது என்பதைக் கொண்டு காற்றின் திசையையும் வேகத்தையும் கணிக்கிறார்கள். ஒரு மணி நேரத்திற்குள் அது ஜெட் ஓட்டத்தின் உயரத்தைத் தொட்டுவிடும். சுமார் 30 கி.மீ. உயரத்தில் வெடித்து விழும். உலக வானிலைக் குறியீட்டில் மீனம்பாக்கத்தின் எண் 43279. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

இப்படிப் பல நூறு நிலையங்களிலிருந்து வரும் செய்திகளை ஒரு தாளில் பதித்தால் அதுவே மேல்வான வரைபடம். ஆனால் இது நாம் பள்ளியில் பார்த்த வரைபடம் போன்றதன்று. 'இத்தனை கி.மீ. உயரத்தில்' என்று அதில் எழுதியிருக்காது. 850, 500, 200, 100 என்று அழுத்தத்தின் எண்களே இருக்கும். தரையில் காற்றின் அழுத்தம் சுமார் 1,000 ஹெக்டோபாஸ்கல். மேலே போகப் போகக் குறையும். 850 என்றால் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ., 500 என்றால் 6 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, 200 என்றால் 12 கி.மீ.க்குச் சற்று மேல், 100 என்றால் பதினாறரை கி.மீ. என்று கொள்ளலாம். ஒரு கட்டடத்தின் மாடிகளைப் போல இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தாள். ஜெட் ஓட்டத்தைப் பார்க்க வேண்டியவர் 200, 150, 100 ஆகிய மேல்மாடித் தாள்களை எடுக்க வேண்டும்.

தாளில் ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையில் அது நீண்டிருக்கும். போகும் திசை என்று எண்ணிவிடாதீர்கள். புதிதாய்ப் படிப்போர் அனைவரும் முதலில் இடறும் இடம் இதுவே. கம்பின் நுனியில் இறகுபோல் கோடுகள் உண்டு. அரைக்கோடு 5 நாட், முழுக்கோடு 10 நாட், நிரப்பிய முக்கோணம் 50 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. சென்னையிலிருந்து கிழக்கே நீளும் கம்பில் ஒரு முக்கோணமும் இரண்டு முழுக்கோடுகளும் இருந்தால், கிழக்கிலிருந்து 70 நாட், அதாவது மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது என்று பொருள். சுமார் 60 நாட்டைத் தாண்டிய நீண்ட, குறுகிய காற்றோட்டத்தையே ஜெட் என்கிறார்கள். ஜூலை மாதத்து 100, 150 ஹெக்டோபாஸ்கல் தாள்களில் 43279க்கு அருகில் இத்தகைய முக்கோணத்தைப் பல நாட்களில் காணலாம்.

எஞ்சியது ஒரே ஒரு விதி. வட அரைக்கோளத்தில், காற்று போகும் திசையை நோக்கி நாம் நின்றால் நம் வலக்கைப் பக்கம் உயர் அழுத்தம் இருக்கும். (இயற்பியல் வகுப்பில் மின்சாரத்திற்குச் சொன்ன வலக்கை விதி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) புவி சுழல்வதால் விளைவது இது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இதன் பிடி தளரும். எனவேதான் நம் நாட்டின் தென்பகுதிக்கு அழுத்தக் கோடுகளைவிடக் காற்றின் ஓட்டக் கோடுகளை வரைந்து படிப்பது வழக்கம். ஆயினும் பெரிய ஓட்டங்களுக்கு விதி பொருந்தும்.

இந்த விதியை ஆடி மாதத்தில் பொருத்திப் பார்ப்போம். சராசரியாக 4 கி.மீ.க்கும் மேல் உயர்ந்து நிற்கும் திபெத்துப் பீடபூமி கோடையில் காய்கிறது. அதைச் சுற்றிப் பெய்யும் பருவமழையும் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. ஆகவே மேல்வானத்தில், நிலநடுக்கோட்டுக் கடலின் மீதுள்ள காற்றைவிட வடக்கே உள்ள காற்று சூடாகிறது. சூடான காற்று விரிந்து உயரும். மேல்மாடியில் வடக்கே உயர் அழுத்தச் சுழல் அமையும். வலக்கைப் பக்கம் வடக்கு இருக்க வேண்டுமானால் நாம் எத்திசையை நோக்கி நிற்க வேண்டும்? மேற்கு நோக்கி. அவ்வளவுதான்; காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் வடக்கு குளிர்ந்துவிடுவதால் எல்லாம் தலைகீழாகிறது. வட இந்தியாவின் மேல், 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே மற்றொரு ஜெட் ஓடுகிறது.

கீழைக்காற்று ஜெட்டைத் தெளிவாக வரைந்து உலகிற்குக் காட்டியவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் அவர்கள். பலூன் கணிப்புகளைத் தாளில் பதித்து ஆராய்ந்து, 1958இல் 'டெல்லஸ்' என்ற ஆய்விதழில் அவர் எழுதினார். பின்னாளில் அத்துறையின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். அந்த ஓட்டம் வேகம் கூடும் இடத்தில் அதன் வடபுறத்தே மேல்காற்று விலகுகிறது. விலகிய இடத்தை நிரப்பக் கீழ்க்காற்று ஏறுகிறது. வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியில் மழை மண்டலங்கள் உருவாக இது துணை செய்கிறது. பிறர் நாட்டுப் புத்தகத்தில் படித்து நாம் மனப்பாடம் செய்த செய்தியன்று இது. நம் வானத்தைப் பார்த்து நம் நாட்டவர் சொன்னது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. மேல்வானத்துக் கடுங்காற்றை 1920களிலேயே ஜப்பான் நாட்டு ஓயிஷி என்பார் பலூன் விட்டு அளந்தார். உலகத்தார் அனைவரும் படிக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் 1926இல் அச்சிட்டார். அம்மொழியைப் படிப்பவர் சிலரே. அறிக்கை கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1944இல் ஜப்பானின் மீது பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் சிக்கித் திணறியபோதுதான் பலரும் அதன் வலிமையை உணர்ந்தனர்.

வரைபடம் கையில் இல்லாதவர்களும் இதைச் சோதிக்கலாம். ஆடி மாதத்து மாலையில் சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் நில்லுங்கள். கடற்காற்று புகாத நேரத்தில் கீழே வீசுவது மேற்குக் காற்று. இடிமழை மேகமும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து கிழக்கு நோக்கியே நகர்ந்து வரும். ஆனால் அம்மேகத்தின் உச்சியிலிருந்து சீவிவிட்டாற்போல் நீளும் வெண்கீற்று மட்டும் எதிர்த்திசையில், மேற்கு நோக்கிப் பரவும். மேகத்தின் கால் கிழக்கே நடக்கிறது, தலைமுடி மேற்கே பறக்கிறது. அதுதான் ஜெட். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் விமானத்திற்கு அம்மாதங்களில் முதுகில் தள்ளிவிடும் காற்றும் இதன் கீழ்ப்பகுதியே.

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். ஜெட் ஓட்டம் தலைக்கு மேல் ஓடும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் நம் கரைகள் முழுகுவதில்லை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ.; அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. அதாவது, கீழைக்காற்று ஜெட் மறைந்த பிறகே நமக்கு ஆபத்துக் காலம் தொடங்குகிறது. மேல்மாடித் தாளில் அந்த முக்கோணங்கள் ஒவ்வொன்றாய் மறைவதும், வடக்கே மேலைக்காற்று தெற்கு நோக்கி இறங்குவதும் பருவம் திரும்புவதற்கான அடையாளங்கள். அப்போது நம் கண்கள் தேட வேண்டியது, கீழைக்காற்றுக்கும் மேலைக்காற்றுக்கும் நடுவே ஓடும் உயர் அழுத்த முகட்டை. முகடு நமக்கு வடக்கே உறுதியாக நின்றால், கடலில் தோன்றும் சுழல் மேற்கு நோக்கித் தமிழகத்திற்கு வரும். முகடு உடைந்து உயர் அழுத்தம் கிழக்கே ஒதுங்கினால், அதே வலக்கை விதிப்படி சுழல் வடக்கே திரும்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் கரையை ஒட்டி மெல்ல மெல்ல வடக்கே ஊர்ந்து, 5ஆம் நாள் ஆந்திரத்துப் பாபட்லா அருகே கரையேறியது. புயல் நம்மைத் தாண்டிச் சென்றது. ஆயினும் அதன் மெத்தன நடை வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் முழுக்கிவிட்டது.

வரைபடத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவாயின. ஒரே நகரம், ஒரே மேல்வானம், மழையோ இவ்வளவு வேறுபாடு. கனமழை வரக்கூடும் என்று தாள் சொல்லும். எந்தத் தெருவில் எத்தனை அங்குலம் என்று சொல்லாது. செம்பரம்பாக்கத்திலிருந்து எப்போது எவ்வளவு நீர் திறப்பார்கள் என்பதையும் எந்த வரைபடமும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அன்றிரவு 29,000 கன அடி அளவில் நீர் வந்தபோது, சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் கரையோரத்து மக்கள் தண்ணீரின் ஓசையைக் கேட்டுத்தான் எழுந்தனர்.

அவ்வெள்ளத்தில் நம் வீடுகளில் போனவை பாத்திரம் பண்டம் மட்டுமல்ல. தகரப் பெட்டியில் வைத்திருந்த மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, நிலத்தாள் எல்லாம் சேறாயின. அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்றுச் சான்றிதழ் வழங்கியது உண்மையே. ஆனால், மூன்று தலைமுறையில் முதல் முதலாகப் பட்டம் பெற்ற ஒருவன் அந்தச் சேற்றுத் தாளைக் கையில் பிடித்து நின்ற நிலையை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். பின்னர்க் கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்திற்கும் எழில் நகருக்கும் அனுப்பப்பட்டன. அக்குடியிருப்புகள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்தவை. தியாகராய நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்த ஊர்தான். ஆயினும் அங்கு வீடு கட்டியவர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைத்ததில்லை.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்குப் பணியாளர் தேர்வாணையம் 2017இலும் 2022இலும் தேர்வு நடத்தியது. இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட இளம் அறிவியல் பட்டதாரிகள் அதற்கு எழுத முடிந்தது. அடுத்த அறிவிப்பு வருமுன் ஆயத்தமாகுங்கள். பலூனை மேலே விடுபவர்களும் தாளில் முக்கோணம் இடுபவர்களும் அத்தகைய பணியாளர்களே.

இப்போது இரண்டு தாள்களைச் சுற்றுக்கு விடுகிறோம். ஒன்று ஜூலை மாதத்து 100 ஹெக்டோபாஸ்கல் தாள்; மற்றொன்று நவம்பர் மாதத்து 200 ஹெக்டோபாஸ்கல் தாள். இரண்டிலும் முதலில் 43279 என்ற எண்ணைத் தேடுங்கள். கம்பு எப்பக்கம் நீண்டிருக்கிறது, முக்கோணம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பின்வரிசையில் உள்ள தாய்மார்களிடம் கொடுங்கள். நவம்பர்த் தாளில் முகட்டைப் பென்சிலால் வரைந்தவர்கள் கூட்டம் முடிந்தபின் நம்மிடம் காட்டலாம். தவறாக வரைந்திருந்தாலும் காட்டலாம். நாமும் முதல் முறை தவறாகத்தான் வரைந்தோம்.