ஆங்கில அகராதியில் நம் பெயர்



வெள்ளிவிழா மேடையில் தேர்ச்சிக் கணக்கையும் நிதிநிலையையும் எடுத்துரைப்பதே வழக்கம். அவை செயலாளர் அறிக்கையில் உள்ளன. நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஓர் ஆங்கிலச் சொல். சில ஆண்டுகளுக்கு முன் நமது மாலை வகுப்பு மாணவி ஒருத்தி தன் பள்ளி ஏட்டைக் கொணர்ந்தாள். 'பரையா' என்னும் சொல்லை வாக்கியத்தில் அமைக்குமாறு ஆசிரியர் பணித்திருந்தார்; 'எல்லாராலும் விலக்கப்பட்டவன்' என்று பொருளும் தந்திருந்தார். "ஐயா, இது நம்மவர் பெயர்தானே?" என்று அவள் வினவினாள். அன்று நமக்கு உடனே விடை வரவில்லை.

ஆம், நம்மவர் பெயரேதான். பறை என்னும் இசைக்கருவியின் வழி வந்தது. பறைதல் என்றால் சொல்லுதலும் ஆகும். மலையாளத்தார் இன்றும் அப்பொருளில் நாள்தோறும் வழங்குகின்றனர். நெல் அளக்கும் அளவைக்கும் பறை என்று பெயர். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுகையில் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்து வைத்தார். புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் சிறப்பித்துக் கூறும் நால்வகைக் குடிகளுள் பறையனும் ஒருவன். இழிவு அங்கே இல்லை.

இச்சொல்லைக் கடல் கடத்தியவர் போர்த்துக்கீசியர். 1516 அளவிலேயே துவார்த்தே பர்போசாவின் குறிப்பில் அது இடம்பெற்றது. அடுத்த நூறாண்டில் ஆங்கில நூல்களிலும் ஏறிற்று. இங்கு வாழ்ந்த வெள்ளையர் தெருநாய்க்கும், பருந்துக்கும், மட்டச் சாராயத்துக்கும் அதனை அடைமொழி ஆக்கினர். பிரெஞ்சுக்காரரோ வேறுவிதமாகக் கையாண்டனர். 1791இல் பெர்னார்தின் தெ சேன்பியேர் எழுதிய கதையில், உண்மையைத் தேடி உலகெங்கும் அலைந்த ஆங்கில அறிஞர் அதனை ஒரு 'பரியா'வின் குடிசையில் கண்டடைகிறார். 1829இல் நேப்பிள்ஸ் நகரில் தோனிசெத்தியின் இசைநாடகமே இப்பெயரில் அரங்கேறியது. பாராட்டுத்தான், ஆயினும் பாராட்டப்பட்டவர் ஒருவருக்கும் அச்செய்தி எட்டியிராது.

இவ்வாறு ஒரு மக்களின் பெயர், உலகில் விலக்கப்பட்ட எவருக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. இது பிழை. பறையர் சாதியற்றவர் அல்லர், தனித்த தொன்மையான சமூகத்தார் என்று கால்டுவெல் 1856இல் எழுதினார். பறை அடிப்பவர் என்பதே சொல்லின் நேர்ப்பொருள் என்று 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியும் கூறியது. பிழை என்று சொன்னவரும் ஆங்கிலம் எழுதியவரே. எனினும் பிழையே நிலைத்தது. உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட அரசை 'பரையா அரசு' என்று ஆங்கில நாளேடுகள் இன்றும் எழுதுகின்றன. அயல்நாட்டான் அறியாமல் எழுதுகிறான் எனலாம். சென்னையில் அச்சாகும் ஏட்டிற்கு அந்தச் சமாதானம் பொருந்துமா?

நம் முன்னோர் இப்பெயரைப் பற்றி ஒருமித்து நினைத்தாரில்லை. பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க இயலாது என்று கருதிய இரட்டைமலை சீனிவாசனார், 1893இல் தம் இதழுக்கே 'பறையன்' என்று பெயரிட்டார். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதரோ, அது பகைவர் சுமத்திய பெயர் என்றார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஒரே உறவுக்குள் இரு வழக்குகள்! இருவர் பக்கமும் நியாயம் உண்டென்பதே நம் எண்ணம்.

அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894இல் நம் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தார். 1902இல் அவர் வெளியிட்ட சிறுநூலின் தலைப்பு 'ஏழைப் பரையா'. அவருடைய பள்ளிகளின் பெயரிலோ 'பஞ்சமர்' என்ற சொல். அன்புடையவருக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் போராடியதன் பயனாக, 1922 மார்ச்சில் அவ்விரு பெயர்களையும் நீக்கி 'ஆதிதிராவிடர்' என வழங்குமாறு அரசாணை பிறந்தது. ஆணை அலுவலகத் தாள்களைத் திருத்திற்று. ஆங்கில அகராதி அதன் எல்லைக்கு உட்பட்டதன்று.

அடுத்த வகுப்பில் இவற்றையெல்லாம் அம்மாணவிக்குச் சொன்னோம். 'பரையா என்பது பறை என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல்' என்று அவளே ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்தாள். ஆசிரியர் அதனைச் சரியெனக் குறியிட்டுவிட்டு, பறை எப்படி இருக்கும் என்று அவளிடமே கேட்டாராம்.