வெடியொலியும் வாயில்லாச் சீவனும்

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் சுபவேளையில் இலங்கைத் தீவெங்கும் சீனவெடி முழங்குகின்றது. மலையும் பள்ளத்தாக்குமாக அமைந்த மாத்தளைப் பகுதியில் ஓரிடத்தில் எழும் வெடியொலி மலைச்சாரலில் மோதி மீண்டும் எதிரொலிக்கும். தீபாவளி, ஆங்கிலப் புத்தாண்டு, திருமணம், தேர்தல் வெற்றி ஆகிய எல்லாவற்றுக்கும் வெடி வேண்டியிருக்கின்றது. மனிதனுக்கு அது மங்கல ஒலி. தொழுவத்திலே கட்டுண்டு நிற்கும் விலங்குக்கோ, காரணம் விளங்காத பேரிடி. மனிதன் மகிழும் அந்நேரத்தில் அவனை நம்பி வாழும் விலங்குகள் படும் பாடு யாதென எண்ணிப் பார்த்தல் தகும். விலங்குகளுள்ளும் ஒலிக்கு மிக எளிதில் மிரளுவது குதிரை.

மாத்தளைக்குக் குதிரை புதியதன்று. கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில் தோட்டத் துரைமார் குதிரை மீதேறியே மலைப்பாதைகளைக் கடந்தனர். 1880ஆம் ஆண்டில் புகையிரதம் மாத்தளையை எட்டியது; பின்னர் மோட்டார் வண்டியும் வந்தது; குதிரையின் தேவை குறைந்தது. இன்று இலங்கை மக்கள் குதிரையைக் காண்பது பெரும்பாலும் நுவரெலியாவின் ஏப்பிரல் மாதப் பந்தயத்திலும், பொலிசாரின் குதிரைப் படையிலும், நெடுந்தீவின் வெளிகளில் கட்டின்றித் திரியும் கூட்டங்களிலுமேயாம். நுவரெலியாவில் பந்தயக் குதிரைகள் கூடும் பருவமும் புத்தாண்டு வெடி முழங்கும் பருவமும் ஒன்றே என்பது கருதத்தக்கது. குதிரை வளர்ப்போர் சிலரே ஆயினும், குதிரையைக் காக்கும் முறைகள் பசுவுக்கும் காளைக்கும் ஆட்டுக்கும் பெரும்பாலும் பொருந்துவனவாம்.

குதிரை ஏன் இவ்வாறு அஞ்சுகின்றது? புல் தின்று வாழும் அவ்விலங்குக்குக் கொம்பில்லை, கூரிய நகமில்லை. விரைந்தோடும் கால்களே அதற்கு அரண். ஆகவே ஐயம் தோன்றியவுடன் ஓடுவதும், ஓடிய பின்னரே திரும்பிப் பார்ப்பதும் அதன் இயல்பு. மனிதன் கேட்க முடியாத மிக நுண்ணிய உச்ச ஒலிகளையும் அது கேட்கும். அதன் காதுகள் தனித்தனியே சுழன்று ஒலி வந்த திசையைத் தேடும். முகத்தின் இருபுறமும் அமைந்த கண்கள் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் காணும். ஆனால் வாணத்தின் ஒலியோ வானத்தில் எழுகின்றது. ஒளியோ எல்லாத் திசையிலும் பாய்கின்றது. எத்திசையில் பகை, எத்திசையில் புகல் என்று அறியாது அவ்விலங்கு தத்தளிக்கின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி குதிரைக்கே சொன்னது போலும்!

பயிற்சி பெற்ற குதிரை அஞ்சாது என்று கருதுதலும் தவறு. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் இலண்டன் மாநகரில், கட்டட வேலைத்தலம் ஒன்றிலே பொருள்கள் வீழ்ந்த ஓசையைக் கேட்டு அரச குதிரைப் படையின் குதிரைகள் மிரண்டன. வீரரை வீழ்த்தி, ஊர்திகளில் மோதி, குருதி சொரிய நகர வீதிகளில் ஓடின. பீரங்கி முழக்கத்துக்கும் அணிவகுப்புக்கும் பழகிய குதிரைகளுக்கே எதிர்பாராத ஓரோசை அத்துணைக் கேட்டை விளைத்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கேரளத்தின் கொயிலாண்டிக்கு அருகே கோயில் விழாவொன்றில் யானைகள் மிரண்டதனால் மூவர் உயிரிழந்தனர். வெடியொலியே அவற்றை வெருட்டியதென்று கூறப்பட்டது. விலங்கின் அச்சம் விலங்கோடு நிற்பதன்று. மனிதரையும் மாய்க்க வல்லது.

அப்படியாயின் விலங்குகளை ஒலிக்குப் பழக்க முடியாதா? முடியும், ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. மாத்தளை மாவட்டத்தின் வடபால் தம்புள்ளை, சீகிரியா, கலேவலைப் பகுதிகளில் பயிரை மேயவரும் காட்டு யானைகளை விவசாயிகள் யானைவெடி கொளுத்தி விரட்டுவர். முதலில் அஞ்சியோடும் யானை, நாளடைவில் அவ்வெடியால் தனக்கு ஊறில்லை என்றறிந்து, ஒலியைப் பொருட்படுத்தாது வயலில் நிற்பதுமுண்டு. விலகிச் செல்லவும் மீண்டு வரவும் அதற்கு இடமிருந்தமையே காரணம். கட்டி வைக்கப்பட்ட குதிரைக்கு அவ்விடம் இல்லை. பேரொலியின் நடுவே அதனை நிறுத்தினால் அச்சம் தேயாது, வளரும். ஆகையால் பல வாரங்களுக்கு முன்பே, பதிவு செய்த வெடியொலியை மிக மெல்லியதாகக் கேட்கச் செய்து, அது அமைதியாக நிற்கும்போது தீனி கொடுத்து, சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டுதல் வேண்டும். காது விறைத்து, கண் பிதுங்கி, மூச்சு விரைந்தால் அன்றைய பாடத்தை அவ்வளவில் நிறுத்துதல் வேண்டும். விராட நகரில் குதிரைகளைப் பேணிய நகுலனுக்கும் பொறுமையே முதற் கருவியாக இருந்திருக்கும்.

வெடி நாளன்று செய்யத்தக்கவை சில. முதலாவது, நேரத்தை அறிதல். நம் நாட்டில் புத்தாண்டு பிறக்கும் வேளையைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே கூறிவிடுகின்றது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் கூறும் வேளைகள் வேறுபடலாமாதலின், முந்திய வேளைக்கே ஆயத்தமாதல் நன்று. இரண்டாவது, இடத்தை மாற்றாமை. லாயத்திற் பழகிய குதிரையை லாயத்திலும், வெளியிற் பழகியதை வெளியிலும் விடுவதே தக்கது. துருத்திய ஆணி, அறுந்த கம்பி, திறந்த படலை ஆகியவற்றைப் பகலிலேயே பார்த்துச் சீர்செய்தல் வேண்டும். மூன்றாவது, துணை. கூட்டமாக வாழும் விலங்கைத் தனித்து நிறுத்துதல் ஆகாது; பழகிய மற்றொரு குதிரை அருகிருப்பின் அதுவே பெரிய ஆறுதல். லாயத்தில் விளக்கு எரிந்தால் வாணத்தின் மின்னல் அத்துணைத் தாக்காது. வானொலியின் மெல்லிசையும், மெல்வதற்குப் போதிய புல்லும் அதன் கருத்தை வேறு திசையில் திருப்பும்.

பழகிய ஒருவர் பதற்றமின்றி அருகில் இருத்தல் நலம். பராமரிப்பவரின் கலக்கம் குதிரைக்கும் தொற்றும். ஆயினும் மிரண்ட குதிரையின் காலுக்கும் சுவருக்கும் இடையே நிற்பதும், அதனைக் கயிற்றால் இழுத்துப் பிடிக்க முயல்வதும் உயிருக்கு ஆபத்து. அந்நேரத்தில் சவாரியும் கூடாது. மிகுதியாக அஞ்சும் குதிரைக்கு அமைதிமருந்து வேண்டுமாயின், அதனை மிருக வைத்தியரே முன்கூட்டித் தீர்மானித்தல் வேண்டும். மறுநாட் காலையில் காயமுண்டா, தீனி தின்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். அச்சத்தின் பின் குதிரைக்கு வயிற்று நோவு தோன்றுவதும் உண்டு. எரிந்த வெடித்துண்டுகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து பொறுக்கி அகற்றுதலும் அவசியம்.

இவையெல்லாம் வளர்ப்போர் கடன். வெடி கொளுத்துவோர்க்கும் கடனுண்டு. அயலில் விலங்குகள் இருப்பின் நேரத்தை முன்னரே அறிவித்தல், தொழுவத்திலிருந்து தொலைவாகச் சென்று கொளுத்துதல், குறித்த வேளையோடு நிறுத்திக்கொள்ளுதல் ஆகியன பொருட்செலவற்ற அறங்கள். விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் பிள்ளைகள் நாயின் வாலில் வெடி கட்டாதிருப்பதற்குச் சட்டத்தினும் பெரிதாக உதவுவது, வீட்டிற் பெரியோர் கூறும் ஒரு சொல்லே. பொங்கலின் மறுநாள் மாட்டுக்குப் பொட்டிட்டு மாலை சூட்டி வணங்கும் குடிக்கு, அதே மாடு புத்தாண்டு நாளில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடாமல் காப்பது கடினமான காரியமன்று.