காலால் கற்கும் வரலாறு



வரலாற்றை நாம் பெரும்பாலும் உட்கார்ந்தே படிக்கிறோம். அரசர் பெயரும் ஆண்டும் தேர்வு முடியும்வரை நினைவில் நிற்கின்றன, பிறகு மறைந்துவிடுகின்றன. நடந்து சென்று கற்ற வரலாறு அவ்வாறு மறைவதில்லை. அந்த முறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பிரான்சு நாட்டின் சிற்றூர்ப் புறங்களில் நடப்பவர்க்கென்றே வழிகள் உண்டு. மரம் அடர்ந்த பள்ளத்தாக்குகளின் ஊடே, பழைய மடங்களையும் கோட்டைகளையும் தொட்டுக்கொண்டு அவை செல்கின்றன. நெடுந்தொலைவு வழிகளில், மரத்திலும் பாறையிலும் வெள்ளைக் கோடு ஒன்றும் அதன் கீழே சிவப்புக் கோடு ஒன்றும் தீட்டப்பட்டிருக்கும். அக்கோடுகளைப் பின்பற்றிச் செல்பவன் மொழி அறியாதவனாயினும் வழி தவறான். அவற்றைத் தீட்டிப் பேணுவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன், 1878-ஆம் ஆண்டில் ஒரு கழுதையின்மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு, அந்நாட்டுச் செவென் மலைப்பகுதியில் பன்னிரண்டு நாள் நடந்தார். அவர் நடந்த வழி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதைக் கேட்டு நீங்கள் ஏங்க வேண்டுவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சுற்றியே அத்தகைய வழிகள் இருக்கின்றன. கோடுதான் தீட்டப்படவில்லை. அவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஓரளவு பேருந்தில் சென்று, எஞ்சிய தொலைவை ஏரிக்கரை வழியாகவும் வயல் வரப்பு வழியாகவும் நடந்து கடக்கலாம்.

முதல் வழி பல்லவர் வழி. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் மண்டகப்பட்டு உள்ளது. ஊர்ப்புறத்துப் பாறையில் ஒரு குடைவரைக் கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் எடுத்த கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. நான் அழைத்துச் சென்ற மாணவருள் ஒருவன், "ஐயா, இல்லாத பொருள்களை எதற்காக எண்ணிச் சொல்கிறார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அக்காலத்துக் கோயில்கள் பெரும்பாலும் அந்த நான்கு பொருள்களாலேயே கட்டப்பட்டன; ஆகவே அவை அழிந்தன. அழியாத கோயில் ஒன்றை அரசன் விரும்பினான். அந்தப் பாறையின் முன் நின்றபோதுதான் அக்கேள்வி அவனுக்குத் தோன்றியது. பாடநூலில் அதே செய்தியைப் படித்தபோது தோன்றவில்லை.

அருகிலுள்ள தளவானூரில் அதே அரசனின் மற்றொரு குடைவரை உள்ளது. முகப்பில் மகர தோரணம் செதுக்கப்பட்டிருக்கிறது. மண்டகப்பட்டில் எளிமையாகத் தொடங்கிய உளி இங்கே அழகு தேடுவதைக் காணலாம். பின்னர்ப் பனமலைக்குச் செல்லுங்கள். ஏரிக்கரைக் குன்றின்மேல், இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. இது குடைந்த கோயிலன்று. கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய கோயில். அதன் சிற்றறை ஒன்றில், இறைவன் ஆடலைக் கண்டு நிற்கும் உமையின் ஓவியம், குடை நிழலோடு, மங்கிய வண்ணத்தில் இன்னும் எஞ்சியிருக்கிறது. பாறையைக் குடைந்த கை, கல்லை அடுக்கக் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த நூற்றாண்டை நீங்கள் ஒரே நாளில் நடந்து கடந்துவிடலாம். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் பல்லவர் சின்னங்களைத் தேடிக் கண்டு, 1916-இல் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். அயல்நாட்டார் தேடி வந்த குன்றை, அடுத்த ஊரார் நாம் காணாதிருக்கலாமா?

இரண்டாவது வழி செஞ்சி வழி. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த கோட்டை அது. 2025-ஆம் ஆண்டில் யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டனுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. சிவாசி இதனை 1677-இல் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராம் இங்கே தங்கியிருந்தபோது மொகலாயப் படை முற்றுகையிட்டது. 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிவுற்றது. இத்தனை ஆண்டு ஏன் என்று புத்தகத்தைக் கேட்காதீர்கள். இராசகிரியில் ஏறிப் பாருங்கள். வாயிலுக்குப்பின் வாயிலாகக் கடந்து, மூச்சு வாங்க மேலே சென்றால், உச்சிக்குச் சற்று முன்னே ஓர் ஆழமான பிளவு குறுக்கிடும். அதன்மேல் ஒரு சிறு பாலம். அப்பாலத்தை அகற்றிவிட்டால் சிலர் பலரைத் தடுக்கலாம். விடை உங்கள் முழங்காலுக்கே தெரிந்துவிடும். தேசிங்கு ராசன் கதையைப் பாடலாகக் கேட்டிருப்பீர்கள். 1714-இல் அவன் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்துப் பொருது மாண்டதும் இந்தக் கோட்டைக்காகத்தான்.

கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். செஞ்சிக்கு அணித்தே திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரும் இரு வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரைக் குறிக்கும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்குண்டு. வாள் ஏந்தியவர்க்குக் கோட்டை. ஆசை துறந்தவர்க்கு ஒரு பாறை. இரண்டையும் ஒரே நாளில் கண்டவன் இவ்வட்டாரத்தை ஓரளவு அறிந்தவனாவான்.

மூன்றாவது வழி திண்டிவனத்து வழி. மரக்காணம் செல்லும் சாலையிலுள்ள பெருமுக்கல் குன்றில் சோழர் காலக் கோயிலும், வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தர் பாறையில் கீறிய கோட்டுருவங்களும் உள்ளன. தெற்கே, சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை. அங்கே ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலில் புதைந்தன. மண்ணில் ஊறிய நீரிலிருந்த மணற்சத்து மரத்தின் இழைதோறும் புகுந்து இறுகியது. கிளையும் இலையும் இல்லை. ஆயினும் மரத்தின் வரிகளைக் கண்ணால் காணலாம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அவற்றைப் பூங்காவாகக் காத்து வருகிறது.

இனி என் மனத்தை வருத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இக்குன்றுகள் என்றும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இவ்வட்டாரத்தில் கருங்கல் உடைக்கும் குவாரிகள் பல. கீழ்வாலை போன்ற ஊர்களில் பாறைமேல் செங்காவியால் தீட்டிய தொன்மையான ஓவியங்கள் உள்ளன. வெடிமருந்துக்கு ஓவியப் பாறையும் ஒன்றே, வெறும் பாறையும் ஒன்றே. குவாரி செய்வதைச் சிறுகச் சிறுகச் செய்வோரும் உளர். செஞ்சிச் சுவர்களில் ஆணியால் கீறிய பெயர்களைப் பாருங்கள். கல்வியறிவு பெற்றவர் கீறியவைதாம் அவை. எழுதப் படிக்கக் கற்பித்தவன் என்ற முறையில் அதைக் காணும்போதெல்லாம் தலை குனிகிறேன். மண்டகப்பட்டில் ஓர் அரசன் அழியாமையை விரும்பிக் கல்லைத் தேடினான். அந்தக் கல்லையும் அழிக்கும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தை, மாசித் திங்களில் வெயில் மிகாத ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆசிரியர் ஒருவரோடு குழுவாகப் புறப்படுங்கள். குடிநீர், தொப்பி, குறிப்பேடு மூன்றும் போதும். செஞ்சியை அடுத்த பக்கமலை முதலிய காப்புக் காடுகளுக்குச் செல்வதானால் வனத்துறையின் ஒப்புதலை முன்னரே பெறுங்கள். கல்வெட்டின்மேல் சுண்ணாம்புக்கட்டி தேய்க்காதீர்கள். கல்மரத் துண்டு ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். ஆடு மேய்க்கும் பெரியவரிடம் பாறையின் பெயரைக் கேளுங்கள். எந்த நூலிலும் இல்லாத செய்தியை அவர் சொல்லக்கூடும்.

திரும்பியதும் உங்கள் பள்ளிக்கு ஒரு படம் வரையுங்கள். எந்த ஊரில் இறங்கினீர்கள், எந்த ஏரிக்கரையில் திரும்பினீர்கள், எந்தப் பாறையில் என்ன கண்டீர்கள் என்று குறியுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் அப்படத்தைக் கொண்டு நடக்கட்டும், திருத்தட்டும். பிரான்சில் தொண்டர்கள் பாறையில் தீட்டுவதை நீங்கள் தாளில் தீட்டினாற் போதும். பலரும் அறிந்து நடமாடும் குன்றை எவரும் ஓசையின்றி உடைத்துவிட முடியாது. உங்கள் காலடியே அதற்குக் காவல்.